மகள்கள் எங்கே? மறுமலர்ச்சிக் காலக் குடும்ப ஓவியங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

15, 16ஆம் நூற்றாண்டுகளில் இத்தாலியின் வசதியான குடும்பங்கள் தங்களை வரைந்து வைத்துக்கொண்ட படங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். அந்த நகை யாருடையது, அந்தக் குழந்தை ஏன் முறைக்கிறது, நாய் எதற்கு, அந்தப் பெண் கர்ப்பமா? பதில்களை ஒரே இடத்தில் போட்டு வைத்தால் என்ன என்று தோன்றியது. எனக்கு ஒரு பழக்கம் உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடும்பப் படம் என்றால் யார் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பதற்கு முன்பே, யார் நிற்கவில்லை என்று எண்ணத் தொடங்கிவிடுவேன். கீழே உள்ள பதில்களிலும் அது அடிக்கடி எட்டிப் பார்க்கும்.

இவையெல்லாம் அந்தக் காலத்துக் குடும்ப ஆல்பம்தானே?

ஆல்பத்தைவிடப் பத்திரத்துக்குத்தான் நெருக்கம். சும்மா இருக்கும்போது யாரும் தன்னை வரையச் சொல்லவில்லை. கல்யாணம், வாரிசு பிறப்பு, பதவி, சாவு என்று ஏதோ ஒன்று நடந்திருக்கும். பலகை, நிறம், ஓவியரின் கூலி என்று செலவும் கொஞ்சமில்லை. ஆகவே படத்தில் இருக்கும் ஒவ்வொரு பொருளும் ஏதாவது ஒன்றை ஊருக்குச் சொல்ல வேண்டும்: இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் சம்பந்தம் முடிந்தது, இவன்தான் அடுத்த வாரிசு, இத்தனை சீர் வந்தது.

இன்னொரு வேலையும் அதற்கு இருந்தது. கட்டடக் கலைஞரும் அறிஞருமான ஆல்பெர்ட்டி 1435இல் ஓவியக் கலை பற்றி எழுதும்போது, தொலைவில் இருப்பவரை அருகில் கொண்டுவருவதும் இறந்தவரை ஏறக்குறைய உயிரோடு காட்டுவதும் ஓவியத்தின் சக்தி என்கிறார். ஏறக்குறைய என்ற சொல்லை மறந்துவிடாதீர்கள். இந்தப் படங்களில் பலவற்றில் வரையப்பட்டவர் அப்போது உயிரோடு இல்லை.

கணவன், மனைவி படங்களில் யார் எந்தப் பக்கம்?

நாம் பார்க்கும்போது இடப்பக்கம் கணவன், வலப்பக்கம் மனைவி. அதாவது கணவனின் இடக்கைப் பக்கம் மனைவி. வலக்கைப் பக்கமே உயர்வு என்பது தேவாலயப் படங்களிலும் குடும்பச் சின்னங்களிலும் இருந்த வழக்கம். வீட்டுப் படத்துக்கும் அதுவே வந்தது. ரஃபேல் வரைந்த அன்யோலோ டோனி, மத்தலேனா ஸ்ட்ரோட்ஸி தம்பதியின் படங்கள் இந்த முறைப்படிதான் இருக்கின்றன.

முறை மாறிய இடம்தான் சுவாரசியம். உர்பினோவை ஆண்ட ஃபெதெரிகோ தா மான்டெஃபெல்த்ரோவும் அவர் மனைவி பத்திஸ்தா ஸ்ஃபோர்ட்ஸாவும் எதிரெதிரே பார்த்துக்கொண்டிருக்கும் இரட்டைப் படம் ஃபுளோரன்ஸின் உஃபிட்ஸி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வரைந்தவர் பியரோ டெல்லா ஃபிரான்செஸ்கா. இதில் மனைவி இடப்பக்கம், கணவன் வலப்பக்கம். ஏன்? குதிரைமேல் ஈட்டிப் போட்டியில் ஃபெதெரிகோவின் வலக்கண் போய்விட்டது. அவரை இடக்கன்னம் தெரியும்படி மட்டுமே வரைய முடியும். அப்படி வரைந்தால் அவர் வலப்பக்கம் இருந்தாக வேண்டும். கண்ணை மறைத்த ஓவியர் மூக்கை மறைக்கவில்லை. மூக்குத் தண்டில் வெட்டி எடுத்த மாதிரி ஒரு பள்ளம் அப்படியே இருக்கிறது.

பலகைகளைத் திருப்பிப் பார்த்தால் வேறு கதை. பின்பக்கத்தில் இருவரும் தேரில் வருகிறார்கள். அவர் தேரை வெள்ளைக் குதிரைகள் இழுக்கின்றன. அம்மையாரின் தேரைக் கற்பின் அடையாளமான ஒற்றைக்கொம்பு விலங்குகள் இழுக்கின்றன. கீழே லத்தீனில் இருவருக்கும் தனித்தனியாகப் புகழுரை. கணவனுக்கானது நிகழ்காலத்தில் இருக்கிறது: வெற்றி ஊர்வலத்தில் வருகிறார். மனைவிக்கானதில் வினை இறந்தகாலத்துக்குப் போய்விடுகிறது: நல்ல காலத்திலும் அடக்கம் தவறாமல் இருந்தார். வரிசையாகப் பெண் குழந்தைகளுக்குப் பிறகு 1472 ஜனவரியில் ஆண் வாரிசு குய்தோபால்தோ பிறந்தான். அதே ஆண்டு ஜூலையில் பத்திஸ்தா இறந்தார். வயது 26. கணவரை ஒரே நிலையில் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த வெளிறிய முகத்தை இந்த ஒரு வினைச்சொல் தெரிந்த பிறகு முன்போல் பார்க்க முடிவதில்லை.

ஏன் எல்லாரும் பக்கவாட்டில் பார்க்கிறார்கள்?

பழைய ரோமானிய நாணயங்களில் சக்கரவர்த்திகளின் முகம் அப்படித்தான் இருக்கும். அந்தக் கம்பீரம் வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். ஃபிளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியம் பக்கம்) நாட்டு ஓவியர்கள் முகத்தை முக்கால்வாசி திருப்பி வரைந்ததைப் பார்த்து இத்தாலியிலும் ஆண்கள் திரும்பினார்கள். பெண்கள் திரும்ப இன்னும் நாளாயிற்று. குலப்பெண் அந்நியரை நேருக்கு நேர் பார்ப்பது அடக்கம் ஆகாது என்று கருதிய ஊர் அது.

படத்தில் இருக்கும் அவ்வளவு நகையும் அந்தப் பெண்ணுடையதா?

பெரும்பாலும் இல்லை. இந்த விஷயத்தைப் புரிந்துகொண்டால் பாதிப் படங்கள் புரிந்த மாதிரி.

ஃபுளோரன்ஸில் பெண் வீட்டார் வரதட்சணை கொடுத்தார்கள். அது நகரத்தையே ஆட்டிப்படைத்த விஷயம். எந்த அளவுக்கு என்றால், 1425இல் நகர அரசே வரதட்சணை நிதி ஒன்றைத் தொடங்கியது. பெண் சிறுமியாக இருக்கும்போது பணம் போட்டு வைத்தால் கல்யாணத்தின்போது பெருகி வரும். இன்னொரு பக்கம் மாப்பிள்ளை பெண்ணுக்கு உடையும் நகையும் போட வேண்டும். சட்டப்படி அவை பல நேரம் அவனுடையவையே. கல்யாணக் களை ஓய்ந்த பிறகு விற்றுவிடலாம், அடகு வைக்கலாம், இரவல் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இதற்கு நேரடிச் சாட்சியாக ஒரு தாயின் கடிதம் இருக்கிறது. அலெஸ்ஸாந்த்ரா மசிங்கி ஸ்ட்ரோட்ஸி ஒரு விதவை. கணவர், ஃபுளோரன்ஸை ஆட்டிவைத்த மெதிச்சி குடும்பத்தாரால் நாடு கடத்தப்பட்டு வெளியூரிலேயே இறந்தவர். 1447 ஆகஸ்டில் நேப்பிள்ஸில் இருந்த மகன் ஃபிலிப்போவுக்கு, உன் தங்கை கத்தரீனாவுக்கு இடம் முடிந்துவிட்டது என்று எழுதுகிறார். மாப்பிள்ளை மார்கோ பரேன்தி பட்டு வியாபாரி. வரதட்சணை 1,000 ஃபுளோரின், அதாவது ஃபுளோரன்ஸின் தங்க நாணயம். நல்ல பையன், வசதியானவன், ஆனால் நம் குடும்ப அந்தஸ்துக்கு ஒரு படி கீழே. மேலிடத்துக்குப் போனால் 1,400, 1,500 கேட்பார்கள் என்று கணக்குச் சொல்கிறார். பிறகு பெருமை: மாப்பிள்ளை தன் சொந்தப் பட்டறையிலேயே தயாரான கிரிம்சன் (அடர்சிவப்பு) வெல்வெட்டில் அங்கி தைக்கச் சொல்லியிருக்கிறான், ஃபுளோரன்ஸிலேயே அதுதான் உயர்ந்த துணி, அவள் வெளியே கிளம்பினால் முதுகில் 400 ஃபுளோரினுக்கு மேல் இருக்கும். கத்தரீனாவுக்கு அப்போது வயது 16.

இதை வாசித்துவிட்டு ரஃபேலின் மத்தலேனா படத்துக்கு வாருங்கள். கழுத்தில் மாணிக்கம், மரகதம், நீலம் பதித்த பதக்கம்; கீழே தொங்கும் பெரிய முத்து. விரல்களில் மோதிரங்கள். கண் முதலில் முத்துக்குப் போகிறது, முகத்துக்கு அப்புறம்தான். வரையச் சொன்னவருக்கும் அதில் வருத்தம் இருந்திருக்காது.

ஃபிலிப்போ லிப்பி 1440வாக்கில் வரைந்த ஒரு பெண்ணின் படத்தில், கைப்பட்டையில் முத்தால் ஓர் எழுத்து வரிசை கோத்திருக்கிறது: இத்தாலிய மொழியில் ‘விசுவாசம்’. சன்னலுக்கு வெளியே ஓர் ஆண் தலை எட்டிப் பார்க்கிறது. யாருக்கு யார் விசுவாசம் என்று சொல்லவே தேவையில்லை; முத்து வாங்கிக் கொடுத்தவருக்கு.

ஆர்னோல்ஃபினி படத்தில் பச்சை உடை அணிந்த பெண் கர்ப்பமா?

இல்லை. தரையில் புரளும் கனத்த அங்கியை வயிற்றருகே அள்ளிப் பிடித்திருக்கிறார். அவ்வளவு துணியை வீணாக்கும் வசதி இருக்கிறது என்று காட்டுவதற்குத்தான் அந்த அள்ளல். யான் வான் ஐக் 1434இல் வரைந்தது; அந்தக் கணவர் ப்ரூஜ் நகரில் தொழில் செய்த லுக்கா ஊர் வணிகர்.

ஜோவன்னா தோர்னபுவோனி படத்தில் பின்னால் ஒட்டியிருக்கும் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது?

கேட்டதற்கு நன்றி, எனக்கு மிகப் பிடித்த படம் இது. மாட்ரிட் நகரின் தைசன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வரைந்தவர் தொமெனிக்கோ கிர்லாண்டாயோ.

ஆல்பிட்ஸி குடும்பத்துப் பெண்ணான ஜோவன்னா 1486இல் லொரென்ஸோ தோர்னபுவோனியை மணந்தார். இரண்டாவது பிள்ளையைச் சுமந்திருந்தபோது 1488இல் இறந்தார். இருபது வயதுக்கு மேல் இராது. சீட்டில் அந்த ஆண்டு ரோமன் எண்ணில் இருக்கிறது. அதற்கு மேலே, ரோமானியக் கவிஞர் மார்ஷியலின் வரியைச் சற்றே மாற்றி எழுதியிருக்கிறார்கள்: கலையே, குணத்தையும் மனத்தையும் உன்னால் தீட்ட முடிந்திருந்தால் இதைவிட அழகான படம் உலகில் இருந்திருக்காது.

பக்கத்தில் போய்ப் பாருங்கள். முதுகு நிமிர்ந்திருக்கிறது, பார்வை படத்துக்கு வெளியே எங்கோ. கையில் சின்னக் கைக்குட்டை. பின்னால் மாடத்தில் ஒரு பதக்கம், பவள மணிமாலை, பாதி மூடிய செப வாசகப் புத்தகம். பவளத்தையும் புத்தகத்தையும் அவர் இப்போதுதான் வைத்துவிட்டுத் திரும்பியதுபோல இருக்கும். மேலங்கியின் நெசவில் கணவரின் முதலெழுத்தும் தோர்னபுவோனிகளின் வைரச் சின்னமும் திரும்பத் திரும்ப வருகின்றன. பிறந்த வீட்டின் அடையாளத்தைத் தேடினேன்; உடையில் இல்லை.

இத்தோடு முடித்தால் எல்லாம் கணக்கு என்று ஆகிவிடும். லொரென்ஸோ பிறகு மறுமணம் செய்துகொண்டார். மெதிச்சிகளைத் திரும்பக் கொண்டுவரச் சதி செய்தார் என்று 1497இல் அவர் தலை வெட்டப்பட்டது. அப்போது வீட்டிலிருந்த பொருள்களுக்குப் பட்டியல் போட்டார்கள். முதல் மனைவியின் படம் அவர் அறையிலேயே இருந்தது.

குழந்தைகள் ஏன் சின்னப் பெரியவர்கள்போல விறைப்பாக இருக்கிறார்கள்?

அவர்களுக்கு ஏற்கெனவே பதவி இருக்கிறது, அதனால்தான். புரொன்சினோ 1545வாக்கில் வரைந்த தொலேதோ எலியொனோராவின் படத்தைப் பாருங்கள். ஃபுளோரன்ஸ் கோமகன் முதலாம் கோசிமோ தெ மெதிச்சியின் மனைவி. 11 பிள்ளைகள் பெற்றவர். வெள்ளைப் பட்டில் கறுப்புக் கொடிகள், நடுவில் தங்க மாதுளை. வம்ச விருத்திக்கு மாதுளை; அதோடு ஃபுளோரன்ஸின் பட்டுத் தொழிலுக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் வேண்டாம். பக்கத்தில் ஒரு பையன், பெரும்பாலும் ஜோவன்னி. அம்மாவின் கை அவன் தோளில் இருக்கிறது. அணைப்பதாகவும் தெரியும், இவன் என் பிள்ளை என்று ஊருக்குக் காட்டுவதாகவும் தெரியும். இந்த உடையோடுதான் எலியொனோராவைப் புதைத்தார்கள் என்று ஒரு கதை இன்னும் உலவுகிறது. கல்லறையிலிருந்து எடுத்த துணிகளைப் பரிசோதித்துவிட்டார்கள். அது வேறு உடை.

அதே ஜோவன்னியை அதே புரொன்சினோ தனியாகவும் வரைந்திருக்கிறார். கொழுகொழுவென்று, கையில் ஒரு சின்னப் பறவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கீழே இரண்டு பால்பல் தெரியச் சிரிக்கிறான். அந்தக் காலத்தில் பல் தெரியச் சிரிக்கும் படமே அபூர்வம். ஆக, ஓவியருக்குக் குழந்தையை வரையத் தெரியாமல் இல்லை. அம்மாவோடு நிற்கும்போது அவனுக்கு வேலை இருந்தது. 16 வயதில் கர்தினால் ஆனான், போப்புக்கு அடுத்த நிலைத் திருச்சபைப் பதவி அது. 19இல், 1562 கடைசியில், காய்ச்சலில் போனான். அடுத்த சில வாரங்களுக்குள் தம்பியும் அம்மாவும் போனார்கள்.

கோசிமோவுக்குக் கல்யாணத்துக்கு முன்பே பிறந்த மகள் பியா. ஐந்து வயதில், 1542இல் இறந்தாள். புரொன்சினோவின் படத்தில் வெள்ளை உடையில் இருக்கிறாள்; கழுத்துச் சங்கிலியில் தொங்கும் பதக்கத்தில் அப்பாவின் முகம். அம்மா யார் என்று பதிவே இல்லை. பதக்கத்துக்கு மறுபக்கம் என்று ஒன்று இருந்திருந்தால் யார் முகம் இருந்திருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு.

தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருவோம். மகள்கள் எங்கே?

லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் டிஷியனின் பெரிய படம் ஒன்று இருக்கிறது, அகலம் மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வெனிஸின் வெண்ட்ராமின் குடும்பம். 1540களின் தொடக்கத்தில் ஆரம்பித்த வேலை. திறந்த வானத்தின் கீழே பலிபீடம், மேலே திருச்சிலுவைத் துண்டு வைத்த சிலுவைப் பேழை. அந்தப் பேழை இவர்கள் குடும்பப் பெருமை. ஊர்வலத்தில் அது கால்வாயில் தவறி விழுந்தபோது மூழ்காமல் மிதந்தது, இவர்களின் மூதாதை ஒருவர் நீரில் இறங்கினால்தான் கைக்கு வந்தது என்பது வெனிஸ் சொல்லிவந்த அற்புதக் கதை.

படத்தில் அண்ணன் தம்பிகள் இருவர், காப்ரியேலும் அந்த்ரேயாவும். அந்த்ரேயாவின் மகன்கள் ஏழு பேர். மூத்தவனுக்குத் தாடி வந்துவிட்டது. கடைக்குட்டிகள் வலப்பக்கம் படியில் உட்கார்ந்திருக்கிறார்கள். சிவப்புக் காலுறை போட்ட ஒருவன் நாய்க்குட்டியை அணைத்துக்கொண்டிருக்கிறான். பிரார்த்தனையில் அவனுக்குக் கவனமே இல்லை, அவனுக்காகவே அந்தப் படத்தை இன்னொரு முறை பார்க்கலாம்.

அந்த்ரேயாவுக்கு ஆறு மகள்களும் இருந்தார்கள். ஒருத்தியும் படத்தில் இல்லை. அவர்களைப் பெற்றவளும் இல்லை.

டிஷியன் மறந்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். வெனிஸில் பிரபு குலம் என்பது ஆண் வழியில் வருவது. 1506 முதல் பிரபுக்களுக்குப் பிறக்கும் ஆண் பிள்ளைகளைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அந்தப் பதிவுதான் பின்னாளில் ஆட்சி மன்றத்தில் அவன் உட்காரும் உரிமைக்கு அத்தாட்சி. மகள் வரதட்சணையோடு வேறு வீட்டுக்குப் போவாள், அல்லது அதைவிடக் குறைந்த செலவில் கன்னிமாடத்துக்குப் போவாள். இந்தப் படம் பெயர் யார் மூலம் தொடரும் என்று சொல்ல வந்த படம். அந்த வாக்கியத்தில் ஆறு பெண்களுக்கும் வேலை இல்லை. நல்ல படம்தான், எனக்கு அதில் சந்தேகமே கிடையாது. ஆனாலும் அந்த ஒன்பது ஆண்களையும் எண்ணி முடித்ததும் மனம் தன்னால் ஆறு வரை எண்ணத் தொடங்கிவிடுகிறது.

பெண்களே வரைந்தபோதாவது மாறியதா?

மாறியது. கிரெமோனா ஊரின் சோஃபோனிஸ்பா அங்குயிசோலா வீட்டில் ஆறு பெண்கள், ஒரு பையன். 1555இல் அவர் தன் தங்கைகள் மூன்று பேரைச் சதுரங்கப் பலகையைச் சுற்றி உட்கார வைத்தார். லூசியா ஜெயித்துவிட்டு நம்மைப் பார்க்கிறாள். மினெர்வா ஏதோ சொல்லக் கையைத் தூக்குகிறாள். நடுவில் சின்னவள் எவ்ரோப்பா, அக்கா தோற்றதில் அப்படி ஒரு சந்தோஷம். ஓரத்தில் வயதான பணிப்பெண் எட்டிப் பார்க்கிறார். உடைகள் என்னவோ பகட்டுதான், அந்தஸ்தை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் வாரிசு, சீர், சம்பந்தம் எதுவும் பேசாத படம். இப்போது போலந்தின் போஸ்னான் நகரில் இருக்கிறது.

அதே சோஃபோனிஸ்பா சில ஆண்டுகள் கழித்து அப்பாவை வரைந்தபோது பழைய வழக்கம் திரும்பிவிட்டது. அப்பா அமில்கரே மையத்தில். பக்கத்தில் ஒரே மகன் அஸ்த்ருபாலே, அப்பாவின் கை அவன்மேல். மினெர்வா பூங்கொத்தோடு ஒதுங்கி நிற்கிறாள்.

பொலோன்யா நகரில் லவீனியா ஃபொன்தானா 1584இல் வரைந்த கோட்ஸதீனி குடும்பப் படம் இன்னும் துணிச்சல். வரையச் சொன்னவரே பெண், லவுதோமியா. தன் தந்தையையும் சகோதரியையும் தன்னோடு மேசையருகே உட்கார வைத்தார், அவர்கள் இருவரும் அப்போது உயிரோடு இல்லை. கணவன்மார்கள் பின்னால் நிற்கிறார்கள்.

நாய் என்றால் விசுவாசம் என்று அர்த்தமா?

சில நேரம். பல நேரம் அது அந்த வீட்டு நாய். மான்டுவா நகரை ஆண்ட லுதோவிகோ கொன்ஸாகாவின் படத்தில், நாற்காலிக்கு அடியில் படுத்திருக்கும் நாய்க்குப் பெயரே தெரியும், ரூபினோ.

மான்டுவா அறை பற்றி நிறையச் சொல்கிறார்களே, அதில் என்ன விசேஷம்?

ஆந்த்ரேயா மான்டென்யா 1465இல் தொடங்கி 1474இல் முடித்த அறை. மான்டுவாவின் அரண்மனையில் சுவர்களில் கொன்ஸாகா குடும்பம் இருக்கிறது. லுதோவிகோ கையில் கடிதத்தோடு செயலாளரிடம் பேசத் திரும்புகிறார். மனைவி பிராண்டன்பர்க் பார்பரா நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார், முழங்காலருகே மகள். மகள்கள் இங்கே இருக்கிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆளும் குடும்பத்துக்கு மகள் என்றால் அடுத்த நாட்டோடு உடன்படிக்கை. இன்னொரு சுவரில் கர்தினால் ஆன மகன் பிரான்செஸ்கோ.

அதே சுவரில் சக்கரவர்த்தி மூன்றாம் ஃபிரெடெரிக்கும் டென்மார்க் அரசர் கிறிஸ்தியானும் இருக்கிறார்கள். அரசர் பார்பராவின் தங்கை கணவர். இதைக் கேள்விப்பட்ட மிலான் கோமகன் கலெயாட்ஸோ மரியா ஸ்ஃபோர்ட்ஸாவுக்குக் கோபம். உலகத்திலேயே கேடுகெட்ட இரண்டு பேரை வரைந்து வைத்திருக்கிறார், என்னை விட்டுவிட்டார் என்று குறைப்பட்டுக்கொண்டதாக 1475இல் மிலானிலிருந்து தூதர் எழுதினார். இத்தனைக்கும் லுதோவிகோ மிலானிடம் சம்பளம் வாங்கும் படைத் தலைவர்.

கலெயாட்ஸோவுக்கு இந்த வீட்டில் முதலில் சுசான்னாவை நிச்சயம் செய்தார்கள். அவள் முதுகு வளைகிறது என்று தெரிந்ததும் தங்கை தொரோதெயாவுக்கு மாற்றினார்கள். மிலான்காரர்கள் அவள் முதுகையும் பரிசோதிக்க வேண்டும் என்றார்கள். இழுபறியில் ஆண்டுகள் போயின, தொரோதெயா 1467இல் இறந்துபோனாள். அப்புறம் என்ன உரிமையில் இவர் சுவரில் இடம் கேட்டார் என்று எனக்குப் புரிந்ததில்லை.

போப்பாண்டவர்கள் குடும்பப் படம் வைத்துக்கொள்ளலாமா?

தாராளமாக வைத்துக்கொண்டார்கள். 1518இல் ரஃபேல் வரைந்த பத்தாம் லியோவின் படத்தில் பின்னால் நிற்கும் கர்தினால்கள் இருவருமே உறவுக்காரர்கள். லியோவின் அண்ணன் மகன் கல்யாணம் ஃபுளோரன்ஸில் நடந்தது. போப் வர முடியவில்லை, படம் வந்தது. விருந்து மேசைக்கு மேலே மாட்டினார்கள். சித்தப்பா இடத்தைப் பலகை நிரப்பியது.

நேப்பிள்ஸில் இருக்கும் டிஷியனின் மூன்றாம் பவுல் படம் இன்னும் காரம். கிழவர் குனிந்து உட்கார்ந்திருக்கிறார், இரு பக்கமும் பேரன்கள். கர்தினால் அலெஸ்ஸாந்த்ரோ கம்பீரமாக நிற்கிறார். ஒத்தாவியோ இடுப்பை வளைத்துப் பவ்வியமாக வணங்குகிறார். இத்தாலிய மொழியில் பேரனுக்கும் சகோதரர் பிள்ளைக்கும் ஒரே சொல், அது போப்புகளுக்கு மிகவும் வசதியாக இருந்தது. படம் முடிக்கப்படவில்லை, போப்பின் ஒரு கை இன்னும் வரையாமலே கிடக்கிறது. பேரன்களுக்கும் தாத்தாவுக்கும் நடுவே இருக்க வேண்டியவர், பவுலின் மகன் பியர் லூயிஜி, படத்திலேயே இல்லை.

முகம் உண்மையாக இருக்குமா?

ஆளைப் பொறுத்தது. மான்டுவாவின் இசபெல்லா தெஸ்தே அறுபது வயதைத் தாண்டிய பிறகு டிஷியன் வரைந்த படத்தில் இருபது வயதுப் பெண்ணாக இருக்கிறார். பழைய படம் ஒன்றை வைத்து வரையச் சொன்னார்கள்.

பெண் பார்க்கும் படங்களில் ஏமாற்றினால் வம்பு. இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றிக்காக ஹான்ஸ் ஹோல்பைன் 1538 மார்ச்சில் பிரஸ்ஸல்ஸ் போய் டென்மார்க் கிறிஸ்தினாவைப் பார்த்தார். கிடைத்தது மூன்று மணி நேரம். அப்போது 16 வயதிலேயே விதவையாக இருந்த அந்தப் பெண் துக்கக் கறுப்பில் முழு உருவமாக நிற்கிறார். நகை என்று விரலில் ஒரே ஒரு மோதிரம். ராஜாவுக்குப் படம் பிடித்தது. கல்யாணம் நடக்கவில்லை, கிறிஸ்தினாவின் அதிர்ஷ்டம்.

ஓவியருக்கு என்ன கிடைத்தது?

லொரென்ஸோ லோட்டோ 1523இல் பெர்காமோவில் மர்சிலியோ கசொத்தியின் கல்யாணப் படத்தை வரைந்தார். மாப்பிள்ளை மோதிரம் போடுகிறான். பின்னால் ஒரு குட்டி மன்மதன் இருவர் தோளிலும் நுகத்தடியை வைத்துவிட்டுக் குறும்பாகச் சிரிக்கிறான். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு லோட்டோ எழுதிக் கொடுத்த விலைப்பட்டியல் தப்பிப் பிழைத்திருக்கிறது. பட்டு உடைகளையும் தலையணிகளையும் கழுத்து மாலைகளையும் அச்சாகக் கொண்டுவந்ததைச் சொல்லி 30 தூக்கட் (தங்க நாணயம்) போட்டிருக்கிறார். கையில் வந்தது 20.

இவ்வளவு கணக்குக்கு நடுவில் பாசமே இல்லையா?

கிர்லாண்டாயோவின் இன்னொரு படம், பாரிஸ் லூவரில், 1490வாக்கில் வரைந்தது. ஒரு கிழவர், மடியருகே ஒரு சிறுவன். கிழவரின் மூக்கு நோயால் வீங்கிக் கட்டிகட்டியாகப் புடைத்திருக்கிறது. அதை எந்த ஓவியரும் எளிதாக மறைத்திருக்கலாம், ஃபெதெரிகோவின் கண்ணை மறைத்த மாதிரி. இவர் ஒரு கட்டியைக்கூட விடவில்லை. பையன் அந்த மூக்கைத்தான் அண்ணாந்து பார்க்கிறான், முகத்தில் கொஞ்சமும் கூச்சம் இல்லை. அவன் கை கிழவரின் மார்பில். இதே கிழவரைக் கண்மூடிய நிலையில் வரைந்த கோட்டோவியம் ஒன்று ஸ்டாக்ஹோமில் இருக்கிறது. அவர் இறந்த பின் வரைந்தது என்று அதைக் கருதுகிறார்கள். சின்னம் இல்லை, நகை இல்லை, இருவருக்கும் பெயர்கூட இல்லை.

ஹோல்பைனின் சொந்தக் குடும்பமும் உண்டு. இங்கிலாந்தில் இரண்டு ஆண்டு சம்பாதித்துவிட்டு ஊர் திரும்பியவர் மனைவி எல்ஸ்பெத்தையும் இரண்டு பிள்ளைகளையும் வரைந்தார். கண் சிவந்து, தோள் தொய்ந்து, களைத்துப்போன பெண். அப்பா படத்தில் இல்லை. கொஞ்ச நாளில் வீட்டிலும் இல்லை, 1532இல் மறுபடி இங்கிலாந்து போய்விட்டார். அந்தப் படத்தை அவர் வரைந்தபோது மனத்தில் என்ன இருந்ததோ, எல்ஸ்பெத்தின் முகத்தில் என்ன இருந்தது என்பதை விடாமல் எழுதிவைத்துவிட்டார்.

படத்தில் இல்லாதவரைத் தேடுவது என்கிறீர்கள். தேடிக் கிடைத்தவர் யாராவது உண்டா?

ஒருத்தி கிடைத்தாள். அமெரிக்காவின் பால்ட்டிமோரில் வால்டர்ஸ் அருங்காட்சியகத்தில் ஒரு படம், பொந்தோர்மோ 1539வாக்கில் வரைந்தது. கோசிமோவின் தாய் மரியா சால்வியாதி, விதவைக் கோலத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தார். 1902இல் அமெரிக்காவுக்குப் போனபோது அப்படித்தான் இருந்தது. 1937இல் மேல்பூச்சை எடுத்தபோது அவர் பக்கத்திலிருந்து ஒரு குழந்தை வெளியே வந்தது. யாரோ எப்போதோ வண்ணம் பூசி அவளை மூடியிருந்தார்கள்.

சிறுவன் கோசிமோ என்று முதலில் நினைத்தார்கள். இன்று ஜூலியா தெ மெதிச்சி என்கிறார்கள், கொலை செய்யப்பட்ட கோமகன் அலெஸ்ஸாந்த்ரோவின் மகள். அலெஸ்ஸாந்த்ரோவின் தாய் வீட்டு வேலைக்காரி. ஆப்பிரிக்க வம்சாவளி என்று பலர் கருதுகிறார்கள். அப்பா போன பிறகு அந்தப் பெண் மரியாவின் பொறுப்பில் வளர்ந்தாள். பூச்சுக்கு அடியில் இருந்த அத்தனை காலமும் அவள் மரியாவின் விரலை விடாமல் பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.